மறை என்னும் விடை: பெயரடைவுகளும் கேட்பவர் தரப்பும்

1

ஊருக்குப் புதிதாக வருகிற ஒருத்தர் பஸ்ஸை விட்டு இறங்கி, டீக்கடையில் ஒரு பெயரைச் சொல்லி வீடு எது என்று கேட்கிறார். கடைக்காரர் உடனே கையை நீட்டிவிடுவதில்லை. கேட்டவரை ஏற இறங்கப் பார்க்கிறார். ‘நீங்க யாரு, எங்கேயிருந்து வர்றீங்க?’ என்கிறார். ‘எந்த ராமசாமி, மேலத்தெருவா கீழத்தெருவா?’ என்கிறார். இதற்கெல்லாம் பதில் சொன்ன பிறகுதான் கை நீளும். சிலசமயம் நீளாது. ‘அப்படி யாரும் இங்க இல்லீங்களே’ என்று சொல்லிவிட்டு டீ ஆத்தப் போய்விடுவார். ஆள் அடுத்த தெருவிலேயே இருப்பார். விசாரிப்பது என்கிற இந்தச் சின்னக் காரியத்துக்குள் ஊரின் அதிகார அமைப்பு முழுவதும் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது என்பது நமக்குத் தெரியாத விஷயமல்ல.

கணினி வலைப்பின்னல்களில் கடைக்காரரின் இடத்தில் இருப்பதை டைரக்டரி சர்வீஸ் என்கிறார்கள். பெயரடைவு என்று நாம் வைத்துக்கொள்ளலாம். ஒரு பெயரைக் கொடுத்தால் அதற்குரிய எண்ணையோ, முகவரியையோ, ஆளைப் பற்றிய விவரத்தையோ அது எடுத்துத் தரும். அடைவை வைத்திருக்கும் கணினி சர்வர். அதனிடம் போய்க் கேட்கிற நிரல் கிளையன்ட். கிளையன்ட் என்றதும் நமக்கு வக்கீல் ஆபீஸ்தான் ஞாபகத்துக்கு வரும். கட்சிக்காரர் என்போம். ஆனால் இங்கே நடப்பதைப் பார்த்தால் மனுதாரர் என்ற சொல்லே பொருந்துகிறது. குறித்த படிவத்தில், குறித்த வரிசையில், குறித்த எழுத்தில் விண்ணப்பம் எழுதி, நீட்டி, காத்திருந்து, கிடைத்ததை வாங்கிக்கொண்டு போகிறவர்.

இந்த மனுவை எழுதும் வேலை ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளாகப் பெரும்பாலும் சி என்ற மொழியில் நடந்துவருகிறது. பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிட்சி 1970களின் தொடக்கத்தில் உருவாக்கிய மொழி அது. இன்றைக்கு ஒருவர் பைத்தானில் எழுதினாலும், பெயரைத் தேடுகிற இடத்துக்கு வந்ததும் அடியில் ஓடுவது பெரும்பாலும் சி நூலகம்தான்.

கணினி வரலாற்றை எழுதுகிறவர்கள் சர்வர்களின் வரலாற்றையே எழுதியிருக்கிறார்கள். யார் கண்டுபிடித்தார், எவ்வளவு பெரிதாக வளர்ந்தது, எந்தக் கம்பெனி வென்றது என்கிற கதைகள். அதே வரலாற்றைக் கேட்பவர் தரப்பிலிருந்து பார்த்தால் வேறொரு கதை வருகிறது. அந்தக் கதையில் கேட்கப்படுபவர் மாறிக்கொண்டே இருக்கிறார். அவருக்கு ஏற்றபடி வளைந்து கொடுக்கும் சுமை மட்டும் கேட்பவர் தோளிலேயே இருக்கிறது.

2

அமெரிக்க ராணுவத்துறையின் பணத்தில் உருவான அர்ப்பாநெட்டில் முதல் செய்தி 1969 அக்டோபர் 29 அன்று லாஸ் ஏஞ்சலஸ் பல்கலைக்கழகத்துக்கும் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வு நிறுவனத்துக்கும் இடையே போனது. இயந்திரங்களுக்கு எண்தான் அடையாளம். மனிதர்களுக்கு எண் போதாது, பெயர் வேண்டும். எனவே ஒவ்வொரு இடத்திலும் ஒரு பட்டியல் எழுதி வைத்துக்கொண்டார்கள். ஒரு பட்டியல் இன்னொன்றோடு ஒத்துப்போகவில்லை. பலவும் பழசாகிக் கிடந்தன. 1973 டிசம்பரில் வந்த ஆர்.எஃப்.சி. 606 என்ற குறிப்பு, இந்தக் கேலிக்கூத்துக்கு ஒரு முடிவு கட்டவேண்டும், அதிகாரபூர்வமான ஒரே பட்டியலை ஓரிடத்தில் வைத்து எல்லாரும் எடுத்துக்கொள்ளவேண்டும் என்று கேட்டது. (வலைப்பின்னலின் விதிகள் இன்றுவரை ‘கருத்துச் சொல்லுங்கள்’ என்ற பொதுத் தலைப்பில் எண்ணிட்ட ஆவணங்களாகத்தான் வெளியாகின்றன. பெயரில் பணிவு, நடைமுறையில் சட்டம்.)

அந்த ஓரிடம் கலிஃபோர்னியாவில் மென்லோ பார்க்கில் இருந்த தகவல் மையம். 1972 முதல் 1989 வரை அதற்குத் தலைமை வகித்தவர் எலிசபெத் ஃபெய்ன்லர். எல்லாரும் ஜேக் என்றே கூப்பிட்டார்கள். புதிதாக ஒரு கணினி சேரவேண்டுமென்றால் இந்த அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அவர்கள் பட்டியலில் ஒரு வரி சேர்ப்பார்கள். மற்றவர்கள் அவ்வப்போது பட்டியலை முழுசாக நகலெடுத்துக்கொள்வார்கள். முழுப் பட்டியல் வேண்டாம், ஒரு பெயர் மட்டும் போதும் என்பவர்களுக்காக 1982இல் ஒரு ஏற்பாடு வந்தது. 101ஆம் எண் வாசலில் போய் ஒரு வரியில் பெயரைச் சொன்னால் அதற்குரிய வரியை மட்டும் தருவார்கள். கேட்கிற நிரலை யாரும் எழுதிவிடலாம். ஒரு வரி அனுப்பு, ஒரு வரி வாங்கு, அவ்வளவுதான்.

பட்டியலில் எப்படிப்பட்ட பெயர் இடம்பெறலாம் என்பதை 1985 அக்டோபரில் வந்த ஆர்.எஃப்.சி. 952 திட்டவட்டமாக எழுதியது. எழுதியவர்கள் ஹாரன்ஸ்டீன், மேரி ஸ்டால், ஃபெய்ன்லர். ஆங்கில எழுத்து இருபத்தாறு, எண்கள் பத்து, சிறுகோடு, புள்ளி. மொத்த நீளம் 24 எழுத்துக்கு மேல் போகக்கூடாது. முதலில் எழுத்துதான் வரவேண்டும். அமெரிக்காவில் கணினிப் பட்டியலைக் கவனித்துக்கொண்டிருந்த ஒரு அலுவலகம் தன் வேலை வசதிக்காகப் போட்ட விதி. அதில் கெட்ட நோக்கம் எதுவும் கிடையாது. அலுவலகத்தின் வசதி இலக்கணமாக உறைந்துபோவதற்குக் கெட்ட நோக்கம் தேவையுமில்லை. இந்த விதியை நினைவில் வைத்துக்கொள்வோம், கடைசியில் திரும்ப வரும்.

3

1983இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம் யுனிக்ஸின் 4.2 பி.எஸ்.டி. பதிப்பை வெளியிட்டது. அதற்கும் ராணுவத்துறையின் பணம். அதில் கெட்ஹோஸ்ட்பைநேம் என்று ஒரு சார்பு இருந்தது. கணினியின் பெயரைக் கொடு, அதன் எண்ணைத் தருகிறேன் என்பதே அதன் ஒப்பந்தம். உள்ளே போய்ப் பார்த்தால் பெரிய வித்தை ஒன்றுமில்லை. அந்தக் கணினியிலேயே இருக்கும் பட்டியல் கோப்பைத் திறந்து, வரி வரியாக ஒப்பிட்டு, கிடைத்ததும் அது இருக்கும் இடத்தைச் சுட்டும் ஒரு பாயின்ட்டரைத் திருப்பிக் கொடுக்கும். கிடைக்காவிட்டால் வெறுஞ்சுட்டி.

அதே 1983 நவம்பரில் பால் மொக்காபெட்ரிஸ் எழுதிய இரண்டு ஆவணங்கள் (882, 883) டி.என்.எஸ். என்கிற பெயர் முறையை முன்வைத்தன. மென்லோ பார்க்கின் ஒற்றைப் பட்டியல் உடைந்தது. ஒவ்வொரு நிறுவனமும் தன் கிளையிலுள்ள பெயர்களைத் தானே வைத்துக்கொள்ளலாம். கேட்கிறவர் கிளை கிளையாக விசாரித்துப் போவார். இது உண்மையான அதிகாரப் பரவல், சும்மா சொல்லிவிடக்கூடாது. ஆனால் பரவாமல் மையத்திலேயே தங்கிவிட்டது ஒன்று உண்டு, வேர். மரம் என்று ஒன்று இருந்தால் வேர் யாருடைய நிலத்தில் இருக்கிறது என்ற கேள்வியும் கூடவே வரும்.

கேட்பவருக்கு இதில் என்ன மாறியது? ஒன்றும் மாறவில்லை என்பதுதான் வியப்பு. 1986இல் வந்த 4.3 பி.எஸ்.டி.யில் அதே கெட்ஹோஸ்ட்பைநேம் அதே பெயரில் இருந்தது. பழைய நிரலை நூலகத்தோடு மறுபடி இணைத்தால் போதும், கோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தது இப்போது கண்டங்கள் தாண்டிக் கேட்டு வரும். கேள்வியின் வடிவம் அப்படியே இருக்க, கேட்கப்படுபவர் மட்டும் மாறிவிட்டார். சன் நிறுவனத்தின் யெல்லோ பேஜஸ் என்ற அடைவும் இதே சார்புக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தது. அந்தப் பெயர் பிரிட்டிஷ் டெலிகாமின் வணிகச் சின்னம் என்பதால் என்.ஐ.எஸ். என்று மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று. ஊர்ப் பெயரையெல்லாம் பதிந்து வைத்த ஏட்டுக்குத் தன் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள முடியவில்லை.

இப்படி வடிவம் மாறாமலிருப்பது வசதி. அதே சமயம் ஒரு திரை. கோப்பைப் படிப்பதும் அறியாத ஒருவரிடம் போய் விசாரிப்பதும் ஒன்றல்ல. கோப்பு பொய் சொல்லாது, தாமதிக்காது, யார் கேட்டார் என்று குறித்துக்கொள்ளாது. வலைப்பின்னலில் உள்ள அடைவு இந்த மூன்றையும் செய்யும். சார்பின் வடிவத்தில் இந்த வேறுபாட்டின் சுவடே இல்லை.

விடை வந்து சேரும் விதத்தையும் பார்க்கவேண்டும். இந்தச் சார்பு விடையை எழுதித் தருவது நிரலுக்குள் இருக்கும் ஒரே சிலேட்டில். இரண்டாவது கேள்வி கேட்டால் முதல் விடை அழிந்துபோகும். வேண்டுமென்றால் முன்கூட்டியே பெயர்த்தெழுதி வைத்துக்கொள்வது கேட்டவரின் பொறுப்பு. விடை இல்லையென்றால் காரணத்தை வேறொரு இடத்தில் ஒரு எண்ணாக எழுதி வைக்கும். 1 என்றால் அப்படி ஒரு கணினியே இல்லை. 2 என்றால் இப்போது தெரியவில்லை, திரும்பக் கேள். 3 என்றால் மீளமுடியாத பிழை. 4 என்றால் பெயர் உண்டு, நீ கேட்ட விவரம் இல்லை. எவ்வளவு நுட்பமான பாகுபாடு பாருங்கள். இருந்தும் எத்தனையோ நிரல்கள் அந்த எண்ணைத் திரும்பிப் பார்ப்பதில்லை. வெறுஞ்சுட்டி வந்தால் ‘இல்லை’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடும். ‘இல்லை’ என்பதும் ‘கேட்க முடியவில்லை’ என்பதும் ஒன்றாகிவிடுகின்றன. ஆவணக் காப்பகத்தில் சான்று கிடைக்கவில்லை என்பதற்காக அப்படி ஒரு மக்களே இருந்ததில்லை என்று எழுதிய வரலாற்றாசிரியர்களை நாம் அறிவோம். இது அதே தவறின் சின்ன வடிவம்.

4

பெயரைக் கேட்பது ஆபத்தில்லாத காரியம் என்ற நம்பிக்கை 1988இல் உடைந்தது. ஃபிங்கர் என்றொரு சேவை இருந்தது. 1970களின் தொடக்கத்தில் ஸ்டான்ஃபோர்ட் செயற்கை அறிவு ஆய்வுக்கூடத்தில் லெஸ் எர்னஸ்ட் எழுதியது. 1977 டிசம்பரில் வலைப்பின்னல் விதியாக எழுதப்பட்டது. 79ஆம் எண் வாசலில் ஒரு பயனரின் பெயரைச் சொன்னால் அவர் முழுப்பெயர் என்ன, கடைசியாக எப்போது வந்தார், என்ன செய்வதாகத் திட்டம் என்றெல்லாம் சொல்லும். ஒரு கல்லூரி விடுதி வராந்தாவின் சகஜம் அதில் இருந்தது.

யுனிக்ஸில் அந்தச் சேவையை நடத்திய சி நிரல், கேள்வியை வாங்குவதற்கு 512 பைட் நீளமுள்ள ஒரு இடத்தை ஒதுக்கியிருந்தது. வாங்குவதற்குப் பயன்படுத்திய கெட்ஸ் என்ற சார்பு, வருகிற வரி எவ்வளவு நீளம் என்று பார்க்காது. கேட்கிறவர்கள் அளவாகத்தான் கேட்பார்கள் என்பது ஒரு குடும்ப நம்பிக்கை. 1988 நவம்பர் 2 அன்று கார்னெல் மாணவரான ராபர்ட் மோரிஸ் விட்ட புழு 536 பைட் நீளத்துக்கு ஒரு கேள்வியை அனுப்பியது. மிஞ்சியது பக்கத்து நினைவிடத்தில் வழிந்து, கேள்வி கட்டளையாக மாறியது. மோரிஸ் 1990இல் தண்டிக்கப்பட்டார். சி மொழியின் தரத்திலிருந்து கெட்ஸ் நீக்கப்பட்டதோ 2011இல்தான்.

இந்தக் கதை பலருக்கும் தெரியும். இதன் மறுபாதி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. புழு கேட்கப்படுபவரை வீழ்த்தியது. பின்னால் வந்த காலத்தில் கேட்பவர் வீழ்ந்தார். 2015 ஜனவரியில் கெட்ஹோஸ்ட்பைநேம் சார்பின் லினக்ஸ் வடிவத்திலேயே ஒரு ஓட்டை வெளிப்பட்டது. கோஸ்ட் என்று பெயரிட்டார்கள். 2000 நவம்பர் முதல் அது அங்கேயே இருந்திருக்கிறது. அதன் வாரிசாக வந்த கெட்ஆடர்இன்ஃபோ சார்பிலும் 2016 பிப்ரவரியில் ஒரு ஓட்டை தெரியவந்தது. விடைக்கென்று 2048 பைட் இடம் ஒதுக்கியிருந்தார்கள். அதைவிட நீளமான விடையைத் தீய நோக்குள்ள ஒரு சர்வர் தந்தால் கேட்டவரின் கணினியே அதன் கைக்குப் போகலாம். யாரிடம் கேட்கிறோம் என்று தெரியாமல் கேட்பதன் விலை அது. சார்பின் வடிவம் மறைத்து வைத்திருந்த வேறுபாடு இப்படித்தான் வெளியே வந்தது.

5

கணினியின் பெயரைக் கேட்பது ஒரு வகை. மனிதரைப் பற்றிக் கேட்பது இன்னொரு வகை. இரண்டாவதைப் பெரிய அளவில் திட்டமிட்டவர்கள் தொலைபேசித் துறைகள். பல நாட்டு அரசுத் தொலைபேசி நிர்வாகங்கள் கூடிய சி.சி.ஐ.டி.டி. அமைப்பு 1988இல் எக்ஸ்.500 என்ற தரத்தை வெளியிட்டது. உலகம் முழுவதற்கும் ஒரே டைரக்டரி என்பது கனவு. மரத்தின் உச்சியில் நாடு, அதன் கீழ் நிறுவனம் அல்லது ஊர், அதன் கீழ் பிரிவு, அடியில் ஆள். நுனியிலிருந்து உச்சிவரை எல்லாவற்றையும் சேர்த்துச் சொன்னால்தான் ஒருவரின் ‘தனித்த பெயர்’ முழுமையாகும். நாட்டையும் நிறுவனத்தையும் சொல்லாமல் ஆளைச் சொல்ல முடியாது என்பது இந்த இலக்கணத்தின் முதல் சூத்திரம்.

இதைக் கேட்பதற்கான நெறிமுறை அன்றைய மேசைக் கணினிகளால் தூக்க முடியாத பாரம். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டிம் ஹௌஸும் அவர் சகாக்களும் குறுக்கு வழி தேடினார்கள். 1991இல் டிக்ஸி என்று ஒன்று எழுதிப் பார்த்தார்கள். 1993 ஜூலையில் யோங், ஹௌஸ், கில் மூவரும் எல்டாப் என்ற நெறிமுறையை ஆர்.எஃப்.சி. 1487ஆக வெளியிட்டார்கள். அதன் பெயரிலேயே லைட்வெயிட் என்ற சொல் உண்டு, எடை குறைந்தது என்று பொருள். தொடக்கத்தில் அது பெரிய வீட்டின் வாசல்காரன் மட்டுமே. வந்தவர் சொல்வதைக் கேட்டு உள்ளே எக்ஸ்.500இடம் போய்ச் சொல்லி விடையைக் கொண்டுவந்து தரும். பிறகு அதே மிச்சிகன் ஆட்கள், உள்ளே இருக்கும் பெரியவர் எதற்கு என்று, வாசல்காரனே அடைவை வைத்துக்கொள்ளும்படி ஸ்லாப்டி என்ற நிரலை எழுதினார்கள். மூல நிரலை எல்லாருக்கும் கொடுத்தார்கள். அரசுத் தொலைபேசித் துறைகளின் பிரம்மாண்டத்தை ஒரு பல்கலைக்கழகத்தின் இலவச சி நிரல் ஓரங்கட்டியது. பிறகு நெட்ஸ்கேப், 2000இல் மைக்ரோசாஃப்டின் ஆக்டிவ் டைரக்டரி என்று அது கம்பெனிகளின் நிர்வாக முதுகெலும்பாக மாறியதும் அதே வரலாற்றின் தொடர்ச்சியே.

1995 ஆகஸ்டில் ஹௌஸும் ஸ்மித்தும் எழுதிய ஆர்.எஃப்.சி. 1823, எல்டாப் அடைவிடம் சி மொழியில் எப்படிக் கேட்பது என்று வகுத்தது. படித்துப் பார்த்தால் ஒரு தாலுகா ஆபீசுக்குப் போய்வந்த மாதிரி இருக்கும். முதலில் திற: வாசலுக்குப் போ. பிறகு பிணை: நீ யார் என்று சொல், கடவுச்சொல்லைக் காட்டு. பிறகு தேடு: மரத்தின் எந்தக் கிளையிலிருந்து, எவ்வளவு ஆழம், என்ன நிபந்தனை, எந்தெந்த விவரம் என்று நிரப்பு. காத்திருக்க நேரமில்லை என்றால் கேள்வியைப் போட்டதும் ஒரு எண் தருவார்கள், டோக்கன் மாதிரி. அந்த எண்ணைக் காட்டி விடை வந்துவிட்டதா என்று பிறகு கேட்டுக்கொள்ளலாம். வந்த கட்டைப் பிரித்து முதல் பதிவை எடு, அடுத்ததை எடு, ஒவ்வொன்றிலும் முதல் விவரம், அடுத்த விவரம். படித்து முடித்ததும் அந்த நினைவிடத்தைத் துடைத்துக் கொடுப்பதும் உன் வேலை. துடைக்காவிட்டால் குப்பை சேர்ந்து நிரல் மூச்சுத்திணறும்.

முதல் இரண்டு பதிப்புகளில் பிணைக்காமல் கேட்கவே முடியாது. அநாமதேயமாகப் பிணைக்கலாம், ஆனால் ‘நான் அநாமதேயம்’ என்று சொல்லியாக வேண்டும். 1997 டிசம்பரில் வந்த மூன்றாம் பதிப்பு அந்த நிபந்தனையைத் தளர்த்தியது. அதனால் சமத்துவம் வந்துவிடவில்லை. யாருக்கு எவ்வளவு தெரியலாம் என்பதைச் சர்வரை நிர்வகிப்பவர் படிவரிசையாக வகுக்கிறார். ஓப்பன் எல்டாப் என்ற சர்வரில் ஒன்றுமில்லை என்பதில் தொடங்கி ஒப்பிடலாம், தேடலாம், படிக்கலாம், எழுதலாம், நிர்வகிக்கலாம் என்று ஏறும் படிகள். அதில் அடியிலிருந்து இரண்டாவது படியின் பெயர்தான் கவனிக்கத்தக்கது: வெளிப்படுத்தல். அந்தப் படிகூட இல்லாத ஒருவர் கேட்டால், ‘உனக்கு அனுமதி இல்லை’ என்று சொல்லமாட்டார்கள். ‘அப்படி ஒன்று இல்லை’ என்ற 32ஆம் எண் விடை போகும். இருப்பதைச் சொல்லக்கூடாத ஆளுக்கு, இல்லாதது போலவே காட்டப்படும். டீக்கடைக்காரர் செய்ததும் இதைத்தான்.

நன்னூல் விடைகளை எட்டாக வகுத்தது நமக்குத் தெரியும். சுட்டு, மறை, நேர், ஏவல், வினாவெதிர் வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி. எல்டாப் சர்வரின் விடைகளை இதில் பொருத்திப் பார்த்தால் ஆச்சரியமாகப் பல பொருந்துகின்றன. என்னிடம் இல்லை, அங்கே போய்க் கேள் என்று இன்னொரு சர்வரைக் காட்டும் 10ஆம் எண் விடை சுட்டு. நீ யார் என்று திருப்பிக் கேட்பது வினாவெதிர் வினாதல். இல்லை என்பது மறை. பவணந்தியின் மறை எதிர்மறுப்பை மட்டுமே குறிக்கிறது. ஆனால் தமிழில் மறை என்ற சொல்லுக்கு மறுத்தல், மறைத்தல் இரண்டும் பொருள். சர்வரின் 32ஆம் எண் விடை இந்த இரண்டு பொருளையும் ஒரே சொல்லில் தருகிறது. கேட்டவருக்கு எந்தப் பொருள் என்று தெரிய வழியில்லை.

மறைப்பு எல்லாமே ஒடுக்குமுறை என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடவும் முடியாது. டொமைன் வாங்கியவரின் பெயர், வீட்டு முகவரி, தொலைபேசி எண் எல்லாவற்றையும் ஹூயிஸ் என்ற அடைவு 1980களிலிருந்து கேட்டவருக்கெல்லாம் கொடுத்துவந்தது. 2018 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகே தனிநபர் விவரங்கள் பெருமளவில் மறைக்கப்பட்டன. தனக்குப் பிடிக்காததை எழுதிய ஒரு பெண்ணின் வீட்டு முகவரியைத் தேடுகிறவனுக்கு மறைதான் சரியான விடை. எதை மறைப்பது என்பதை யார் முடிவு செய்கிறார், பதிவாகியிருக்கிற ஆளா, ஏட்டை வைத்திருக்கிற ஆளா? கேள்வி அங்கேதான் இருக்கிறது.

6

இனி, கேட்கப்படுகிற ஆளின் இடத்துக்கு நாமே வருவோம். எக்ஸ்.500 வகுத்து எல்டாப் அப்படியே எடுத்துக்கொண்ட ‘நபர்’ என்ற வகைக்கு இரண்டு விவரங்கள் கட்டாயம். ஒன்று பொதுப்பெயர். இன்னொன்று குடும்பப்பெயர், அதாவது சர்நேம். தொலைபேசி எண் இல்லாமல் ஒருவர் நபராக இருக்கலாம். சர்நேம் இல்லாமல் இருக்க முடியாது. அது காலியாக இருந்தால் சர்வர் அந்தப் பதிவையே ஏற்காது. 2000 ஏப்ரலில் நிறுவன ஊழியர்களுக்கென்று எழுதப்பட்ட விரிவான வகையும் இந்தக் கட்டாயத்தை மரபுரிமையாகப் பெற்றது. 2006இல் எல்லாவற்றையும் திருத்தி எழுதியபோதும் அது நின்றது.

சர்நேம் நமக்கு ஏன் இல்லை? நம்மில் பலருக்கு ஒருகாலத்தில் இருந்தது. அது சாதிப் பட்டம். 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் வரும் சாதிப் பட்டங்களை விட்டுவிடவேண்டும் என்று தீர்மானம் போட்டது. அதன் பிறகு நடந்தது ஒரு பெரிய பண்பாட்டு நிகழ்வு. ஒரு சமூகம் தன் பெயரின் வாலைத் தானே வெட்டிக்கொண்டது. அது சாதியை ஒழித்துவிட்டதா என்றால் இல்லை. ஆனால் பெயரைக் கேட்ட மாத்திரத்தில் ஆளை எடைபோடும் வசதியை டீக்கடைக்காரரிடமிருந்து ஓரளவு பறித்தது. மிஞ்சியது அப்பா பெயரின் முதலெழுத்து. அதுவும் ஆணாதிக்கத்தின் எச்சம்தான் என்று சொல்லி அம்மா பெயரின் முதலெழுத்தைச் சேர்த்துக்கொண்டவர்களும் உண்டு.

அந்த அரசியல் வரலாறு விட்டுச்சென்ற காலியிடத்தைப் பார்த்துத்தான் அடைவு பிழைச்செய்தி தருகிறது. அந்த இடத்தை எதையாவது வைத்து நிரப்பியாக வேண்டும். அப்பா பெயர், ஊர்ப் பெயர், முதலெழுத்து, ஒன்றும் தோன்றாவிட்டால் ஒரு புள்ளி. பிறகு அடைவைப் படிக்கும் இன்னொரு நிரல் சர்நேமை எடுத்து மரியாதைக்காக முன்னால் ‘மிஸ்டர்’ போட்டுக் கடிதம் அனுப்பும். கடிதம் அப்பாவுக்குப் போகும். சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் பள்ளிக்கூடத்தில் பெயர் கொடுக்கும்போதே, நாளைக்கு வெளிநாடு போனால் சிரமம், சர்நேம் ஒன்று வைத்துவிடுவோம் என்று பெற்றோர் யோசிக்கும்போது சிரிப்பு நின்றுவிடுகிறது. தந்தை பெயரோடு நிற்குமா, பழைய வால் திரும்ப முளைக்குமா? ஒரு மாநாட்டுத் தீர்மானத்தால் அவிழ்ந்ததை ஒரு கட்டாயப் புலம் திரும்பக் கட்டிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. கட்டுகிற கைகளில் அதுவும் ஒன்று.

ஒருவர் ஆவணத்தில் எழுதப்படும்போதே அதிகாரத்தின் பிடிக்குள் வருகிறார் என்பதை மிஷேல் ஃபூக்கோ 1975இல் வந்த தன் சிறை பற்றிய நூலில் விரிவாகக் காட்டினார். நாம் சேர்த்துச் சொல்லவேண்டியது, எழுதப்படாமல் போவதும் விடுதலை ஆகிவிடாது. அடைவில் பெயரில்லாத ஊழியருக்குக் கணினி திறக்காது. ஆகவே எழுதவும் வேண்டியிருக்கிறது, வளையவும் வேண்டியிருக்கிறது.

7

பெயர் எந்த எழுத்தில் இருக்கலாம் என்பது அடுத்தது. சி மொழியின் சார் என்ற வகை ஒரு பைட். ஒரு பைட்டில் ஒரு எழுத்து என்பது ஆங்கிலத்துக்குச் சரியாக இருந்தது. ‘தமிழ்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். நமக்கு அது மூன்றெழுத்து. யூனிகோடுக்கு ஐந்து குறிகள்: த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி. 1992இல் கென் தாம்சனும் ராப் பைக்கும் வகுத்த யூ.டி.எஃப்-8 முறையில் எழுதினால் பதினைந்து பைட். நீளம் என்ன என்று சி மொழியிடம் கேட்டால் பதினைந்து என்று சொல்லும். அதன் கணக்கில் தப்பில்லை. எழுத்து என்றால் என்ன என்று அது யாரிடமும் கேட்டதில்லை, அவ்வளவே.

எல்டாப் 1997இல் யூ.டி.எஃப்-8ஐ ஏற்றுக்கொண்டதால் அங்கே தமிழில் பெயர் எழுத வழி பிறந்தது. டி.என்.எஸ். வேறு வழியில் போனது. பெயரில் எந்தப் பைட் வேண்டுமானாலும் வரலாம் என்று அதன் நெறிமுறையே இடம் கொடுத்தது. 1997 ஜூலையில் ஆர்.எஃப்.சி. 2181 இதைத் தெளிவாகவே சொன்னது. தடையாக நின்றது மென்லோ பார்க் அலுவலகம் தன் பட்டியலுக்காக 1985இல் எழுதிய விதி. பட்டியல் போய்விட்டது, விதி போகவில்லை. அதை நம்பி எழுதப்பட்ட எண்ணற்ற சி நிரல்கள் உடையக்கூடாது என்பது வாதம். எனவே 2003 மார்ச்சில் வந்த தீர்வு சர்வர்களைத் தொடவில்லை. மாற்றத்தைக் கேட்பவரின் பக்கம் தள்ளியது. தமிழ்ப் பெயரை, கேட்கிற நிரல் தானே ஆங்கில எழுத்துகளாலும் எண்களாலுமான ஒரு பொருளற்ற கோவையாக மாற்றி, இது மாறுவேடம் என்று காட்ட முன்னால் எக்ஸ், என், இரண்டு சிறுகோடு சேர்த்து அனுப்பவேண்டும். 2010க்குப் பிறகு .இலங்கை, .சிங்கப்பூர், .இந்தியா என்று தமிழிலேயே முடியும் முகவரிகள் வந்ததைக் கொண்டாடினோம். வேரில் எழுதியிருப்பது மாறுவேடப் பெயர்தான்.

லினக்ஸின் கெட்ஆடர்இன்ஃபோ சார்பில் இந்த மாற்றத்தைச் செய்யும் வசதி உண்டு. ஆனால் அதற்கென்று தனியாக ஒரு கொடியை ஏற்றவேண்டும். ஏற்றாவிட்டால் அது நடக்காது. ஆங்கிலப் பெயரைக் கேட்க எந்தக் கொடியும் வேண்டாம். இயல்பு என்பதும் விதிவிலக்கு என்பதும் இப்படித்தான் ஒரு சார்பின் அளபுருவில் எழுதப்படுகின்றன.

இதற்கு என்ன செய்வது என்று கேட்கலாம். கட்டாயம் என்று எழுதியிருப்பது இயற்கை விதியல்ல என்பதற்கு அந்த ஆவணங்களுக்குள்ளேயே சான்று இருக்கிறது. எல்டாப்பில் ‘கணக்கு’ என்றொரு வகை உண்டு. அதற்குக் கட்டாயம் ஒரே ஒரு பயனர் அடையாளம், சர்நேம் கேட்காது. சொந்தமாக ஒரு வகையை எழுதிச் சேர்க்கவும் சர்வரை நிர்வகிப்பவரால் முடியும். தமிழ்நாட்டில் ஒரு கல்லூரியோ அலுவலகமோ தன் அடைவை அமைக்கும்போது, தயாராக வந்த ‘நபர்’ என்ற அச்சில் நம்மை ஊற்றாமல் இருக்கலாம். அதற்கு, படிவத்தை அடிக்கிறவர்களிடம் யாராவது போய், இந்தக் கட்டத்துக்குப் பக்கத்தில் ஏன் நட்சத்திரக் குறி போட்டிருக்கிறீர்கள் என்று கேட்கவேண்டும். அதற்கு ‘சிஸ்டம் கேக்குதுங்க’ என்று பதில் வரும். எந்த சிஸ்டம், எந்த வருஷம், யார் எழுதியது என்று அடுத்த கேள்வியைக் கேட்பதற்கே இந்த வரலாறு.